நெஞ்சுநோவும் நாங்களும்



எங்களோடு ஒரே வாங்கிலிருந்து படித்த தோழி ஒருத்தி, நெஞ்சை அடைத்தபோது வாய்வு என்று நினைத்து இஞ்சித் தேநீர் குடித்துவிட்டுப் படுத்தாள். விடிய எழும்பவில்லை. அவள் நினைவாகவே இதைச் சொல்கிறோம்.

ஈசிஜி பற்றிய ஆய்வுக்காக லைடன் பேராசிரியர் ஐந்தோவன் நோபல் பரிசு பெற்றது 1924 இல். ஏறக்குறைய எங்கள் சங்கத்தின் வயது. அன்று அறையை நிறைத்த கருவி இன்று கையில் தூக்கும் அளவு. நோவில்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதற்பதிவு சரியாக இருந்தாலும், சந்தேகமிருந்தால் திரும்ப எடுப்பார்கள். ட்ரோபொனின் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். இருதயத் தசை சேதமடைந்தால் அது இரத்தத்தில் கூடும்.

பிள்ளைகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் கைக்கடிகாரம் சில ஒழுங்கற்ற துடிப்புகளைக் காட்டலாம், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. அதை நம்பி இருந்துவிடக்கூடாது.

பெண்களுக்கு நெஞ்சுநோவோடு, சிலவேளை அது இல்லாமலே, மூச்சுமுட்டல், வியர்வை, தாடை அல்லது முதுகு நோவு, வழக்கமில்லாத களைப்பு வரும். உடனே 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய வண்டி இலவசமாக வரும். அடுப்பில் கறி இருக்கிறது என்று தாமதிக்காதீர்கள்.