'இப்போது உங்கள் டிவியிலும்': ஒரு ஆப் முகப்புக்கு வந்து சேர்வதற்குள் நடப்பது

ஒருநாள் டிவியை ஆன் பண்றோம். முகப்புல ஒரு புதுக் கட்டம் வந்து உட்கார்ந்திருக்கு. மேல ஒரு பட்டை, 'இப்போது உங்கள் டிவியிலும்' என்று. நாம என்ன நினைப்போம்? யாரோ நாலு என்ஜினியர்கள் ராத்திரி பகலா கோட் எழுதி, இன்னைக்குத்தான் வேலை முடிஞ்சிருக்கு, அதனால ஆப் வந்திருக்கு. சில சமயம் அது உண்மைதான். ஆனால் பெரிய ஆப்கள் விஷயத்தில் கோட் எப்பவோ தயாராகி இருக்கும். கையெழுத்துதான் பாக்கி இருக்கும். அந்தக் கையெழுத்துக்காக ரெண்டு கம்பெனிகள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும்போது, மாசாமாசம் சந்தா கட்டுற ஆள் எங்கே நிக்கிறார்? இந்த எபிசோட்ல அதைத்தான் பேசப்போறோம்.

இதுக்கு நான் எடுத்துக்கிற உதாரணம் ரோக்கு. நம்ம ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல நீங்க இதைப் பார்த்திருக்க மாட்டீங்க. அமெரிக்காவில் அக்காவோ சித்தப்பாவோ இருந்தா, அவங்க வீட்டு வீடியோ காலில் சோபா மேல கிடக்கிற சின்ன ரிமோட்டைப் பார்த்திருக்கலாம். ஓரத்துல ஊதா நிறத்துல ஒரு துணி நாடா தொங்கும். அதுதான். அங்கே டிவியில் இன்டர்நெட் படம் பார்க்கிறவர்களில் ரொம்பப் பெரிய கூட்டம் இந்தப் பெட்டி வழியாகவோ, இதே சாஃப்ட்வேர் உள்ளே இருக்கிற டிவி வழியாகவோதான் பார்க்கிறது.

ரோக்கு என்றால் ஜப்பானிய மொழியில் ஆறு. ஆந்தணி வுட் என்பவர் ஆரம்பித்த ஆறாவது கம்பெனி, அதனால அந்தப் பேரு. 2002-ல் தொடங்கியது. ஆனா இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச ரோக்கு பிறந்தது நெட்ஃபிளிக்ஸ் ஆபீசுக்குள்ளே. 2007-ல் ஆந்தணி வுட் நெட்ஃபிளிக்ஸில் சேர்ந்து, அவர்களுக்கென்று ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். டிவியில் சொருகினால் நெட்ஃபிளிக்ஸ் ஓடும். பெட்டி கிட்டத்தட்ட தயார். வெளியிட இன்னும் சில வாரங்கள்தான். அப்போ நெட்ஃபிளிக்ஸின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் வேண்டாம்னு நிறுத்திட்டார்.

அவர் கணக்கு எளிமையானது. நாமே பெட்டி விற்க ஆரம்பிச்சா, மத்த டிவி கம்பெனிக்காரன், கேம் பெட்டிக்காரன் எல்லாம் நம்மளைப் போட்டியா பார்ப்பான். அவன் பெட்டிக்குள்ள நம்ம ஆப்புக்கு இடம் தருவானா? அதனால பெட்டியையும் அதைச் செய்த ஆட்களையும் ரோக்குவுக்கு அனுப்பிவிட்டு, கொஞ்சம் முதலீடும் போட்டுவிட்டு நெட்ஃபிளிக்ஸ் விலகிக்கொண்டது. 2008 மே மாதம் அந்தப் பெட்டி ரோக்கு பேரில் வெளிவந்தது. விலை 99.99 டாலர். அதில் பார்க்க முடிந்தது ஒன்றே ஒன்று, நெட்ஃபிளிக்ஸ்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தப் பயம்தான். இன்னொருத்தன் வீட்டு வாசல்ல நின்னு கதவைத் தட்டுற நிலைமை வரும்னு 2007-லேயே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. அப்போ டிவிக்கு ஆப் என்கிற பேச்சே பெரிதாகக் கிடையாது.

அடுத்த வருஷமே அமேசான் வீடியோ வந்தது, அப்புறம் ஆப் கடை வந்தது. ரோக்கு அதை ரொம்ப காலம் 'சேனல்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. டிவி பார்க்கிறவங்களுக்குப் பழகின வார்த்தை, புத்திசாலித்தனம்தான். கொஞ்சம் கொஞ்சமா அந்த முகப்பு ஒரு சூப்பர் மார்க்கெட் ரேக் மாதிரி ஆனது. கண் உயரத்துல எந்த பிஸ்கட் இருக்கணும், பில் போடுற இடத்துக்குப் பக்கத்துல எந்த சாக்லேட் இருக்கணும் என்பதற்கெல்லாம் கம்பெனிகள் பணம் கட்டும் இல்லையா? இங்கேயும் அதே கதை. ரிமோட்டில் நெட்ஃபிளிக்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கே, அது உங்க வசதிக்காக யாரோ அன்பா வெச்சதுன்னு நினைச்சுக்காதீங்க. அந்த இடத்துக்கு வாடகை உண்டு.

ஒரே ஒரு கணக்கு சொல்லிவிட்டு நகர்கிறேன். 2020-ல் ரோக்குவின் மொத்த வருமானம் சுமார் 178 கோடி டாலர். அதில் பெட்டி, ஸ்டிக் எல்லாம் விற்று வந்தது சுமார் 51 கோடி. மிச்சம் சுமார் 127 கோடி, விளம்பரமும் ஆப்களிடமிருந்து வரும் பங்கும். பெட்டி விற்கிற கம்பெனின்னு நாம நினைக்கிற ஆள், உண்மையில நம்ம ஹாலில் ஒரு இடத்தைப் பிடித்து அதை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஆள். ஒரு ஆப் உள்ளே வரணும்னா ரோக்கு பொதுவா ரெண்டு விஷயம் கேட்கும். எங்க பெட்டி வழியா யாராவது சந்தா கட்டினா அதுல ஒரு பங்கு. உங்க ஆப்ல விளம்பரம் ஓடினா அந்த விளம்பர நேரத்துல ஒரு பங்கு.

இதை மனசுல வெச்சுக்கிட்டு 2020-க்கு வாங்க. கொரோனா. எல்லாரும் வீட்டில். மே 27 அன்று எச்பிஓ மேக்ஸ் அமெரிக்காவில் தொடங்கியது. மாசம் 14.99 டாலர். அதற்கு முன்னால் இருந்த எச்பிஓ நவ் ஆப்புக்கும் அதே 14.99 டாலர்தான். பழைய சந்தாதாரர்களில் பெரும்பாலானோருக்குக் கூடுதல் காசில்லாமல் புது சேவை, பழைய எச்பிஓ தொடர்களோடு 'ஃப்ரெண்ட்ஸ்' மாதிரி பெரிய பெரிய விஷயங்களும் சேர்த்து. நல்ல டீல்தானே?

ஆப்பிள் டிவி வைத்திருந்தவருக்கு அன்றைக்குப் பழைய ஆப் தானாகவே புது ஆப்பாக மாறிவிட்டது. ரோக்கு வைத்திருந்தவருக்கு ஒண்ணும் மாறலை. அமேசான் ஃபயர் டிவி வைத்திருந்தவருக்கும் மாறலை. ரெண்டு பேரோடும் ஒப்பந்தம் ஆகலை. பழைய ஆப்பின் பெயரை மட்டும் பிறகு 'எச்பிஓ' என்று மாற்றினார்கள். யோசிச்சுப் பாருங்க. ஒரே தெருவுல ரெண்டு வீடு. ரெண்டு பேரும் 14.99 கட்டுறாங்க. ஒருத்தர் டிவியில 'ஃப்ரெண்ட்ஸ்' ஓடுது. அடுத்த வீட்டுக்காரர் போனில் பார்க்கலாம், லேப்டாப்பில் பார்க்கலாம், டிவியில் மட்டும் அந்த ஆப்பே கிடையாது. அவர் செஞ்ச ஒரே காரியம் வேற கம்பெனிப் பெட்டி வாங்கினது.

சண்டை எதைப் பற்றி? எச்பிஓவை அமேசான், ரோக்கு ரெண்டு பேருமே தங்கள் சொந்தக் கடைக்குள்ளேயே விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படி வாங்கினா கிரெடிட் கார்டு விவரம், மெயில் ஐடி, நீங்க எதைப் பார்த்தீங்க, எங்கே பாதியில் நிறுத்தினீங்க என்கிற தகவல், இதெல்லாம் பெரும்பாலும் கடைக்காரர் கையில். எச்பிஓவின் சொந்தக்காரரான வார்னர்மீடியாவுக்கு அது இனி வேண்டாம். எங்க ஆப்புக்கே வாங்க, எங்க வாடிக்கையாளரை நாங்களே தெரிஞ்சுக்கணும் என்கிறது அது. தவிர, விளம்பரத்தோடு வரும் மலிவு எச்பிஓ மேக்ஸ் ஒன்றும் வரவிருந்தது. ரோக்குவுக்கு அந்த விளம்பர நேரத்தின் மேல் கண். அப்போ ரோக்குவிடம் சுமார் 4 கோடியே 60 லட்சம் கணக்குகள் இருந்தன. அது சின்ன மிரட்டல் இல்லை.

ஜூன் போச்சு, ஜூலை போச்சு. தீபாவளி சமயம் வரைக்கும் இழுத்தது. நவம்பர் நடுவில் அமேசான் இறங்கி வந்தது, நவம்பர் 17-ல் ஃபயர் டிவியில் ஆப் வந்துவிட்டது. மறுநாளே வார்னர் ஒரு குண்டு போட்டது. 'வொண்டர் வுமன் 1984' படம் டிசம்பர் 25 அன்று அமெரிக்கத் தியேட்டர்களிலும் எச்பிஓ மேக்ஸிலும் ஒரே நாளில். டிசம்பர் ஆரம்பத்தில் இன்னும் பெரிய அறிவிப்பு, 2021-க்கான தங்கள் மொத்தப் படங்களும் அதே மாதிரி வரும் என்று. இப்போ அழுத்தம் ரெண்டு பக்கமும். கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஊரே பேசுற படம் என் பெட்டியில் வரலைன்னா ரோக்குவுக்கு அசிங்கம். அமெரிக்காவின் பெரிய பெட்டியில் இல்லாமல் அந்தப் படத்தை விட்டால் வார்னருக்கு நஷ்டம். டிசம்பர் 17 அன்று ரோக்குவில் ஆப் வந்தது. பழைய எச்பிஓ ஆப் வைத்திருந்தவர்களுக்கு, ஆப்பிள் டிவியில் மே மாதம் நடந்தது போலவே, தானாக மாறியது. கிட்டத்தட்ட ஏழு மாசம் காத்திருந்ததற்கு டெக்னாலஜி காரணமே இல்லைன்னு எனக்குத் தோணுறது இதனாலதான்.

இதுக்கு ஒரு பின்கதையும் இருக்கு. 2021 செப்டம்பரில் எச்பிஓ, அமேசான் கடையிலிருந்து முழுசாக வெளியேறியது. அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் அவர்களுக்கு 18 லட்சம் சந்தாதாரர்கள் குறைந்தார்கள். வாடிக்கையாளரை நேரடியா தெரிஞ்சுக்கிறதுக்குக் கொடுத்த விலை. அது சரியான முடிவா இல்லையான்னு நாம வாதாடலாம், எனக்கு ரெண்டு பக்கமும் தோணுது.

சரி, கூகுள் சண்டைக்கு வர்றேன். யூடியூப் டிவின்னு அமெரிக்காவில் ஒன்று உண்டு. நம்ம யூடியூப் இல்லை, கேபிளுக்குப் பதிலாக நேரடி சேனல்களை இன்டர்நெட்டில் தரும் சந்தா சேவை. 2021 ஏப்ரல் கடைசியில் அதற்கும் ரோக்குவுக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்தது. தேடல் முடிவுகளில் தனக்குச் சலுகை வேண்டும் என்று கூகுள் கேட்கிறது என்பது ரோக்குவின் புகார். அப்படியெல்லாம் கேட்கவில்லை என்றது கூகுள். ஏப்ரல் 30 அன்று கடையிலிருந்து ஆப் காணாமல் போனது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு வந்த அறிவுரை: தயவுசெய்து ஆப்பை டெலீட் பண்ணிடாதீங்க, திரும்ப கிடைக்காது.

ஒரு வாரத்தில் கூகுள் செஞ்ச வேலையை ரசிக்காம இருக்க முடியலை. அதன் சாதாரண யூடியூப் ஆப் இன்னும் ரோக்குவில் இருந்தது. அதுக்குள்ளேயே யூடியூப் டிவிக்கு ஒரு கதவு வெச்சுட்டாங்க. முன்வாசலைப் பூட்டினா, பக்கத்து வீட்டு மாடி வழியா இறங்கி வர்ற மாதிரி. பிறகு சண்டை சாதாரண யூடியூப்பையும் தொட்டது. டிசம்பர் 9 முதல் புதுப் பெட்டிகளில் அதுவும் கிடைக்காது என்ற நிலை. டிசம்பர் 8 அன்று, கெடுவுக்கு ஒரே நாள் முன்னால், ரெண்டுக்கும் சேர்த்துப் பல வருட ஒப்பந்தம் என்று அறிவித்தார்கள். விதிமுறை என்னன்னு வெளியே சொல்லலை.

இதெல்லாம் அமெரிக்கா விவகாரம், நமக்கென்னன்னு கேட்பீங்க. 2017 ஏப்ரலில் இந்தியாவில் ஃபயர் டிவி ஸ்டிக் விற்பனைக்கு வந்தது, 3,999 ரூபாய். அந்த வருஷக் கடைசியிலேயே கூகுளுக்கும் அமேசானுக்கும் சண்டை. எங்க குரோம்காஸ்ட்டை நீ உன் கடையில் விற்க மாட்டேங்கிறே, அதனால எங்க யூடியூப் உன் ஸ்டிக்கில் கிடையாது. ஸ்டிக்கிலேயே பிரவுசரைத் திறந்து, அதுக்குள்ள யூடியூப் தளத்துக்குப் போய், ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தா தட்டிப் பாட்டு தேடின வீடுகள் சென்னையிலும் மதுரையிலும் நிறைய. 2019 ஜூலையில்தான் யூடியூப் ஆப் ஃபயர் டிவிக்குத் திரும்பியது. அதே நாளில் பிரைம் வீடியோ குரோம்காஸ்ட்டுக்குப் போனது. கைதிகளைப் பரிமாறிக்கிட்ட மாதிரி.

பெரியவங்க சண்டை போட்டா கடைசியில சமாதானம் ஆகிடுது, ஏன்னா ரெண்டு பேருக்கும் பணம் வேணும். என் கவலை சின்னவங்களைப் பத்தி. ரோக்குவில் முன்னாடி 'பிரைவேட் சேனல்' என்று ஒன்று இருந்தது. கடையில் தேடினால் வராது. ஒரு கோட் இருந்தால் அதைப் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். கோட் தெரிஞ்ச யார் வேணாலும் பார்க்கலாம் என்பதால் சின்னக் குழுக்களுக்கு இது பெரிய வசதி. திருட்டுப் படம் காட்டுறவங்களும் அதே வழியில் புகுந்தார்கள் என்பதையும் சொல்லணும். திருட்டு ஒளிபரப்புப் புகாரில் மெக்சிகோவில் 2017-ல் ரோக்கு விற்பனையையே கோர்ட் நிறுத்தி வைத்தது, 2018-ல்தான் தடை நீங்கியது. 2022 பிப்ரவரியில் ரோக்கு பிரைவேட் சேனல்களை மூடியது. பதிலுக்கு 'பீட்டா சேனல்' கொடுத்தது. அதில் 20 பேருக்கு மேல் சேர முடியாது, 120 நாளில் காலாவதி. அதாவது சோதனை பண்ணிப் பார்க்க மட்டும். நூறு பேர் பார்க்கிற சேனலாக இருந்தாலும் சரி, முறைப்படி கடைக்கு வா, பரிசோதனையில் தேறு, விதிகளை ஒத்துக்கொள். கடைக்காரர் நியாயம் எனக்குப் புரியுது. ஆனா எச்பிஓவுக்கு ஏழு மாசம் காத்திருந்து பேரம் பேச வக்கீல்கள் இருந்தாங்க. நூறு பேர் சேனலுக்கு யார் பேசுவா?

கடைசியா, எந்த ஸ்டிக் வாங்கலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பிராண்ட் சொல்ல மாட்டேன். ரெண்டு விஷயம் மட்டும். ஒண்ணு, நீங்க அதிகமா பார்க்கிற மூணு ஆப் எதுன்னு எழுதிக்கிட்டு, அந்த மூணும் அந்தப் பெட்டியில் இன்னைக்கு இருக்கான்னு பாருங்க. சீக்கிரம் வரும் என்கிற வாக்குறுதியை நம்பி வாங்காதீங்க. ரெண்டு, வருஷ சந்தா கட்டுறதா இருந்தா அந்த ஆப் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் கட்டுங்க. பெட்டி மாறினாலும் உங்க கணக்கு உங்களோடவே வரும், கேன்சல் பண்றதும் ஒரே இடம். அமெரிக்காவில் ரோக்கு வெச்சிருக்கிற அக்காவுக்கு இதை ஃபார்வர்ட் பண்றவங்க, ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லுங்க: ஆப் மேல நின்னு ரிமோட்டில் நட்சத்திரப் பட்டனை அழுத்தினா, அந்தக் கட்டத்தை வேணும்கிற இடத்துக்கு நகர்த்திக்கலாம்.

அடுத்த எபிசோட்ல, விளம்பரத்தோட இலவசமா ஓடுற சேனல்களைப் பத்திப் பேசலாம். கேள்வி இருந்தா அனுப்புங்க.