கிராமத்து வீரரும் நம் கல்வி நிதியும்

(தருமபுரியில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிப்பவன் கிரிக்கெட் பந்தாட்ட வீரர் ஒருவரைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் கல்வி நிதியை எவ்வாறு செலவிடுவது என்பதைக் குறித்து இன்று மாலை நீங்கள் ஆலோசிக்கப் போகின்றீர்கள். அவ்வாலோசனைக்கு ஓர் இளைஞரின் வரலாறு துணைபுரியும் என்று யான் கருதுகின்றேன். அவர் த. நடராஜன்.

அவர் பிறந்த சின்னப்பம்பட்டி சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தொப்பூர்க் கணவாய்க்கு அப்பாலுள்ளதாயினும், அது நமக்கு வேற்றூர் அன்று. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தருமபுரி தனி ஜில்லாவாகும் வரையில், அவ்வூரும் நம் ஊர்களும் ஒரே ஜில்லாவில் அடங்கியிருந்தன. 1991-இல் பிறந்த அவ்விளைஞர் மக்கள் ஐவருள் மூத்தவர். தந்தையார் தறிக்கூடத்தில் கூலி வேலை செய்தவர். தாயார் சாலையோரத்தில் சிறு கடை வைத்துக் குடும்பம் காத்தவர். இத்தகைய குடும்பங்கள் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் எத்தனை உள என்பதை உங்களுக்கு யான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இருபது வயது வரையில் அவர் ஆடியது டென்னிஸ் பந்து கொண்டே. கிரிக்கெட்டுக்குரிய தோல் பந்தும், அதற்கேற்ற பாதரட்சையும், பயிற்சிக் களமும் அவருக்கு எட்டாத பொருள்களாயிருந்தன. எனினும், அவ்வறுமையே அவருக்கு ஒரு வித்தையைக் கற்பித்தது எனலாம். மட்டை பிடிப்போன் காலடியிலேயே வந்து விழுமாறு வீசும் பந்துக்கு யார்க்கர் என்று பெயர். சிறிது முன்னே விழுந்தால் அடிப்பதற்கு வாய்ப்பாகும்; விழாமலே சென்றால் இன்னும் எளிதாகும். ஆதலின் அதனை இடைவிடாது வீசுதல் மிக அரிது. டென்னிஸ் பந்தோ இலேசானது. மேலெழும்பினால் எளிதில் அடிபடும். எனவே, கிராமத்துக் களங்களில் வீசுவோர் காலடியைக் குறிபார்த்தே பழகுகின்றனர். பிற்காலத்தில் நடராஜனுக்குப் பெயர் தேடித் தந்த படைக்கலம் இதுவே.

ஆயினும், படைக்கலம் இருந்தால் மட்டும் போதுமா? போர்க்களத்திற்கு வழி காட்டுவார் வேண்டாவா? அவ்வூரினரான ஜெயப்பிரகாஷ் என்பார் இவரது திறமையைக் கண்டு, சென்னைக்குச் சென்று ஆடுமாறு தூண்டி, உடனிருந்து உதவினார். அவர் செல்வரும் அல்லர், அதிகாரியும் அல்லர். சென்னை லீக் ஆட்டங்களில் நான்காம் பிரிவில் தொடங்கிய இளைஞர், படிப்படியாக உயர்ந்து, முதற்பிரிவைச் சேர்ந்த ஜாலி ரோவர்ஸ் அணியில் இடம் பெற்றார். அந்நன்றியை மறவாது, அப்பெரியாரின் பெயரின் முதலெழுத்துக்களைத் தம் ஆட்டச் சட்டையிலே பொறித்துக்கொண்டார்.

2015-ஆம் ஆண்டு ஜனவரியில், கல்கத்தா ஈடன் தோட்டத்தில் வங்காளத்தை எதிர்த்து, ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் தமிழ்நாட்டுக்காக முதன்முதல் ஆடினார். அந்த முதல் ஆட்டத்திலேயே இடர் நேர்ந்தது. அவர் பந்து வீசும் முறை விதிக்கு மாறானதோ என்று நடுவர் ஐயுற்றனர். வீசுங்கால் முழங்கை பதினைந்து பாகைக்கு மேல் நிமிரலாகாது என்பது விதி. பல ஆண்டுகள் பழகிய கையை மாற்றுவதென்பது, நாற்பது வயதினன் தன் கையெழுத்தை மாற்றிக்கொள்வது போன்றதாகும். மனம் உடைந்து ஊர் திரும்பியிருந்தால் அவரைக் குறை கூறுவார் யார்? அவர் அவ்வாறு செய்யவில்லை. சுனில் சுப்பிரமணியம் முதலிய பயிற்சியாளர்களின் துணைகொண்டு, வீசும் முறையைத் திருத்திக்கொண்டு மீண்டும் களம் புகுந்தார்.

திருவள்ளுவர் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துப் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தை வைத்தனர். அவ்வைப்பு முறையின் பொருத்தத்தை இவ்விளைஞரின் வாழ்க்கையில் யான் கண்டேன். தன் குற்றத்தைத் தானே களைய முற்படுவோனுக்கும், அதனை எடுத்துக்காட்டித் திருத்தும் துணை ஒன்று வேண்டும். துணையின்றி முயல்வோர் பலர் பாதி வழியில் நின்றுவிடுகின்றனர்.

நிற்க. 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களில் அவரது யார்க்கர் எல்லோர் கண்ணிலும் பட்டது. 2017-இல் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில், பத்து இலட்சம் ரூபாய் அடிப்படை விலையாகக் குறிக்கப்பட்ட அவரைப் பஞ்சாப் அணியினர் மூன்று கோடிக்கு எடுத்தனர். செல்வம் வந்தது, ஆனால் புகழ் உடனே வரவில்லை. அவ்வாண்டில் ஆறு ஆட்டங்களே ஆடினார். அடுத்த ஆண்டில் ஐதராபாத் அணியினர் நாற்பது இலட்சத்துக்கு எடுத்தனர். எனினும் 2018, 2019 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டத்திலும் இறங்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. இளைஞர்களே! வெற்றி பெற்ற நாளை அனைவரும் பேசுவர். வெளியே அமர்ந்து பிறர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, தன் பயிற்சியை விடாதிருந்த அந்த இரண்டு ஆண்டுகளையே நீங்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

2020-இல் பதினாறு ஆட்டங்களில் பதினாறு விக்கெட்டுகள் வீழ்த்தினார். உலகப் புகழ் பெற்ற டி வில்லியர்ஸின் ஸ்டம்பை அபுதாபியில் ஒரு யார்க்கரால் வீழ்த்தினார். பின்னர், வலைப் பயிற்சியில் பந்து வீசுவதற்கென்றே ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். ஆடுவோர் பலர் காயமுற்றமையால் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் ஒருநாள் ஆட்டம். 4-ஆம் நாள் இருபது ஓவர் ஆட்டம். 2021 ஜனவரி 15-ஆம் நாள் பிரிஸ்பேனில் டெஸ்டு ஆட்டம். ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் முதன்முதல் அடியெடுத்து வைத்த முதல் இந்தியர் அவரே. 1988-க்குப் பின் ஆஸ்திரேலியர் தோல்வி காணாத அக்களத்தில் இந்தியா வென்றது. முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகள் அவருடையவை.

அதன் பின் 2021 ஏப்ரலில் முழங்காலில் சத்திரசிகிச்சை நேர்ந்தது. இந்திய அணியில் நிலைத்த இடம் வாய்க்கவில்லை. இதனையும் மறைக்காமற் கூறுவது என் கடமை. ஆனால், 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியிலே தாம் அமைத்த கிரிக்கெட் களத்தை அவர் திறந்து வைக்கச் செய்தார். தாம் பெறாத களத்தைத் தம் ஊர்ச் சிறுவர் பெறுமாறு செய்த அச்செயலை, பிரிஸ்பேன் வெற்றியினும் யான் உயர்வாக மதிக்கின்றேன்.

“ஆயிரம் பேர் ஆடினால் ஒருவனன்றோ தேறுகின்றான்? நம் பிள்ளைகள் படிப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. படிப்பை விடுமாறு யான் சொல்லவில்லை. படிப்புக்கு உதவும் நாம், ஆட்டத்திலும் ஓவியத்திலும் இசையிலும் திறமுடைய சிறுவனைக் கைவிடலாகாது என்றே சொல்லுகின்றேன். அவன் ஓசூருக்கோ பெங்களூருக்கோ கூலிக்குச் சென்றபின், அவனுள் என்ன இருந்தது என்பதை யாரே அறிவார்?

இன்னும் ஒன்று. இச்சொற்பொழிவைக் குறித்து அறிந்த அன்பர் சிலர், “அவ்வீரர் நம்மவரோ?” என்று என்னை வினவினர். அதற்கு விடையளிக்க யான் உடன்படவில்லை. வீழ்ந்த ஸ்டம்பு வீசியவனுடைய குலத்தை வினவியதில்லை. நம் சங்கம் நம்மவர்க்கென்று தோன்றியது உண்மையே. எனினும், இந்நகர் பழைய தகடூர் என்பதையும், இதனை ஆண்ட அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்தான் என்பதையும் மறத்தல் ஆகாது. அவன் நோக்கியது புலமையையே, குலத்தையன்று.

ஆகவே, மூன்று விண்ணப்பங்களை உங்கள் முன் வைக்கின்றேன். நம் செல்வாக்குள்ள ஊர்களில் விளையாடும் களம் எத்தெருச் சிறுவர்க்கும் திறந்திருக்க வேண்டும். அது நாணயமொன்றும் செலவில்லாத உதவி. இரண்டாவது, கல்வி நிதியில் ஒரு பகுதியை, திறமுடைய ஏழைச் சிறுவர் சேலத்துக்கும் சென்னைக்கும் தேர்வுக்குச் சென்று வரும் வழிச்செலவுக்கும் தங்கும் செலவுக்கும் ஒதுக்குக. மூன்றாவது, பெண்மக்களையும் அதில் சேர்க்க. 2025 நவம்பர் 2-ஆம் நாள் நம் நாட்டு மகளிர் அணி உலகக் கோப்பையை வென்ற பின்னும் இதற்கு வாதம் வேண்டுமோ?

ஊர்தோறும் நடராஜன் ஒருவன் பிறத்தல் நம் கையில் இல்லை. ஊர்தோறும் ஜெயப்பிரகாஷ் ஒருவர் இருத்தல் நம் கையில் உள்ளது. அதனைச் செய்யுமாறு வேண்டுகின்றேன்.