மேரி இரத்தினம் என்ற வைத்தியர்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பெண் வைத்தியர் ஒருவரைப் பற்றிப் பேசும்படி எங்கள் வகுப்பினரிடம் கேட்டார்கள். முதலில் நினைவுக்கு வந்தவர் ஜேர்மனிய மகப்பேற்று வைத்தியர் சார்லோட் ஃபொன் சீபோல்ட். 1817இல் கீசன் பல்கலைக்கழகம் அவருக்கு மகப்பேற்றியலில் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1819 மே மாதம் இலண்டனில் விக்டோரியா பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் அவர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜேர்மனியில் அல்பேட் பிறந்தபோதும் அவரே. பின்னாளில் அந்த இரண்டு பிள்ளைகளும் கணவன் மனைவியானது நமக்கெல்லாம் தெரிந்த கதை.

ஆனால் அவரிலும் நமக்குக் கிட்டிய ஒருவர் இருக்கிறார். இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

மேரி ஹெலன் இர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். ரொறன்ரோவில் மருத்துவம் படித்தார். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு வைத்தியம் செய்ய அமெரிக்க மிஷன் அவரை நியமித்தது. ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டுவதைவிடச் சாவது மேல் என்று பெண்கள் நினைத்த காலம் அது. 1896இல் இலங்கைக்குப் புறப்பட்டவர், வருமுன் நியூயோர்க்கில் எஸ். சி. கே. இரத்தினம் என்ற இலங்கைத் தமிழரை மணம் முடித்தார். யாழ்ப்பாணத்து மிஷனார் இதை ஏற்கவில்லை. தமிழ்ப் பெண்களுக்குத் தொண்டு செய்ய அழைத்து வரப்பட்ட வைத்தியர் தமிழரை மணந்ததே குற்றமாயிற்று. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கு இன்றும் கோபம் வருகிறது.

அவர் கனடாவுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. கொழும்புக்கு வந்து லேடி ஹவ்லொக் மகளிர் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றிவிட்டுத் தனியாக வைத்தியம் செய்தார். வைத்தியத்தோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் எங்களை அவர்பால் இழுத்தது.

பிரசவ அறைக்கு வரும் தாயின் ஆபத்து பல வேளைகளில் மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடுகிறது. இரத்தச்சோகை, மலேரியா, கொழுக்கிப் புழு, ஓய்வில்லாமல் அடுத்தடுத்த பிள்ளைப்பேறு. நம் வாவிக்கரையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: தூரம். மண்முனைப் பாலம் திறந்தது 2014இல்தான். அதற்கு முன் படுவான்கரையில் எத்தனையோ ஊர்ப் பெண்களுக்கு இரவில் வலி கண்டால் துறைக்கு வந்து பாதைக்குக் காத்திருக்க வேண்டும். (வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: பாதை என்பது இங்கே தெருவல்ல, ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.) ஊர் மருத்துவிச்சியின் கைராசியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பெருக்கு நிற்காவிட்டால் அவரும்தான் என்ன செய்வார்?

ஆகவே அறிவு தாயின் வீட்டுக்குப் போக வேண்டும். மேரி இரத்தினம் அதைத்தான் செய்தார். பள்ளிக்கூடங்களுக்குச் சுகாதாரக் கைந்நூலும் மனையியல் கைந்நூலும் எழுதினார். கனடாவின் கிராமப் பெண்கள் நடத்திய மாதர் நிலையங்களைப் போல, 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கிக் கிராமப் பெண்களைக் கூட்டினார். 1937இல் கொழும்பில் குடும்பத்திட்ட நிலையம் ஒன்றைத் திறந்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. பிள்ளை பெறுவதைப் பற்றிப் பெண் யோசிப்பதே பாவம் என்றவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டில்தான் கொழும்பு மாநகர சபைக்கும் தெரிவானார். அச்சபையின் முதற் பெண் உறுப்பினர் அவரே.

1909இல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழ் மாதர் சங்கம் கொழும்பில் இன்றும் கலாலயம் என்ற இசை, நடனப் பள்ளியை நடத்துகிறது. அங்கே படித்த நம் பிள்ளைகளும் உண்டு. 1927இல் உருவான மாதர் வாக்குரிமைச் சங்கத்திலும் அவர் இருந்தார். 1931இல் நம் பாட்டிமார் வாக்களிக்கப் போனதில் அந்தச் சங்கத்தாருக்குப் பங்கு உண்டு.

1940களில் நம் நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்தத் தொகை 50க்கும் கீழ். இது ஒருவரால் ஆன காரியமல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், அதைத் தொடர்ந்து வீடு வீடாகப் போன குடும்பநல மருத்துவமாதுகளும் செய்தது. அவர்களில் பலர் நம் சங்கத்து அங்கத்தவர்கள். இந்த மண்டபத்தில் நாலாம் வரிசையில் இருக்கிறார்கள். எழுந்து நில்லுங்கள், அக்கா.

1958இல் மேரி இரத்தினத்துக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தபோது அவருக்கு 85 வயது. 1962இல் காலமானார்.

ஒரு வேண்டுகோள். அவருடைய பாடசாலைச் சுகாதாரக் கைந்நூலின் பழைய பிரதி உங்கள் அம்மம்மாவின் பெட்டியில் எங்கேனும் கிடந்தால், தயவுசெய்து பள்ளி நூலகத்துக்குத் தாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கட்டுவித்துக்கொள்கிறோம்.