பெண்களும் தடை ஓட்டமும்

(ஆலங்குடிப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இவ்வூரில் பெண்களுக்குத் தடை ஓட்டப் பந்தயம் நடத்த வேண்டுமென்று தோழர்கள் சிலர் முயற்சிப்பதாகவும், அதைக் கேட்டுப் பெரியவர்கள் சிலர் முகஞ்சுளிப்பதாகவும் அறிந்தோம். ஆகவே அதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்லுகிறோம். நாம் சொல்லுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை; யோசித்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

பொங்கல் விளையாட்டில் ஆண்களுக்கு என்ன வைக்கிறோம்? ஓட்டம், கயிறு இழுத்தல், வழுக்கு மரம். பெண்களுக்கோ கோலப் போட்டி! தினமும் வாசலில் செய்கிற வேலையையே விளையாட்டு நாளிலும் செய் என்றால், அவளுக்கு விளையாட்டு எங்கே இருக்கிறது?

பெண்ணால் தடை தாண்ட முடியுமா என்கிறார்கள். தலையில் புல்லுக்கட்டோடு வரப்பையும் வாய்க்காலையும் தாண்டி வருகிறவள் யார்? கூலிக்குத் தாண்டினால் கேட்பாரில்லை. பரிசுக்குத் தாண்டினால் மாத்திரம் உடம்பு கெட்டுவிடுமா?

இந்தப் பேச்சு நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். முதலில் வந்த ஜெர்மனிப் பெண் லினா ராட்கே உலக சாதனையே செய்தார். ஆனால் பந்தயம் முடிந்து களைத்தவர்களைக் காட்டி, “பெண்ணுடலுக்கு இது ஆகாது” என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன. 1960 வரை அந்த ஓட்டமே பெண்களுக்கு இல்லாமற் போயிற்று. ஓடிக் களைத்த ஆணுக்கு வீரன் என்று பெயர். பெண்ணுக்கு அபலை என்று பெயர்!

3000 மீட்டர் தடை ஓட்டமோ, ஆண்களுக்கு 1920 முதல் ஒலிம்பிக்கில் உண்டு. பெண்களுக்கு 2008-ல்தான் வந்தது. எண்பத்தெட்டு வருஷம்! கதவு திறந்த இரண்டே வருஷத்தில், 2010 ஆசிய விளையாட்டில் நம் நாட்டு சுதா சிங் அதில் தங்கம் வாங்கினார். 2023-ல் கோயமுத்தூர் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பி.டி. உஷாவின் 1984-ம் வருஷத்துத் தேசிய சாதனையை எட்டிப் பிடித்து, ஆசியப் பதக்கமும் பெற்றார். எனவே குறை பெண்ணிடத்திலா, கதவைப் பூட்டினவனிடத்திலா?

தூரத்துக் கதை எதற்கு? நம் புதுக்கோட்டை ஜில்லா கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைக் கூலியாட்களின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். காலால் வென்றதை, பெண்தானா என்று உடலைச் சோதித்துப் பறித்தார்கள். அதையும் ஊரறியச் செய்தார்கள். பந்தயம் நடத்துகிறவர்களுக்கு இது பெரிய பாடம். ஓட வந்தவளின் மானத்தைக் காப்பது நடத்துகிறவனுடைய முதல் கடமை.

ஆகையால் எப்படி நடத்துவது? தடைகளின் உயரத்தை ஒரு மாதம் முன்பே அறிவியுங்கள். உலகப் போட்டியின் 3000 மீட்டர் தடை ஓட்டத்தில் பெண்கள் தாண்டும் தடை 30 அங்குலம். பழகாதவர்களுக்கு ஒரு முழம் போதும். கால் இடித்தால் தானே விழுந்துவிடும் கழியாக வையுங்கள். குதிக்கும் இடத்தில் மணல் கொட்டுங்கள். பழைய லாரி டயர், தவழ்ந்து போக வலை, தாண்ட ஒரு சிறு பள்ளம் இவையே போதும், பெரிய செலவில்லை. வெயிலுக்கு முன் காலையில் நடத்துங்கள். உடை மாற்ற மறைவான அறை, கக்கூஸ், குடிநீர், காயத்துக்கு மருந்து இவை இல்லாமல் பந்தயம் வேண்டாம். தூரமான பெண் ஓடக்கூடாது என்று எவனும் சொல்லக்கூடாது. ஓடுவதும் ஓடாததும் அவள் இஷ்டம். மனுவில் ஜாதி கேட்காதீர்கள். கல்யாணம் ஆனவளா என்றும் கேட்காதீர்கள். தாய்மார்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். நடுவர்களிலும் பெண்கள் இருக்கட்டும். நல்ல நேரம் பார்க்காமல் கடிகாரம் பாருங்கள். பரிசாகக் குத்துவிளக்கும் பாத்திரமும் கொடுத்து மறுபடியும் அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். ஓடுகிற பூட்ஸ் கொடுங்கள், அல்லது பணமாக அவள் கையிலேயே கொடுங்கள்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பெரியவளானதும் விளையாட்டை நிறுத்துகிறீர்களே, பையனுக்கு மீசை முளைத்ததும் நிறுத்துகிறீர்களா? மைதானத்துத் தடைக்கு அளவு உண்டு, தாண்டினால் தீர்ந்தது. வீட்டில் நீங்கள் போடும் தடைக்கு அளவேது, முடிவேது? அதை எடுத்துவிட்டு, நாளைக்கே உங்கள் பெண்ணின் பெயரைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகிறோம்.