டெஸ்லா கேமரன் மலை ஏறுமா?

2008-இல் டெஸ்லாவின் முதல் கார் ரோட்ஸ்டர், ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கும் கூடுதலான விலையில் வந்தது. வசதியானவர்களிடம் விற்ற பணத்தில் சாதாரண மக்களுக்கான காரைச் செய்வது நிறுவனத்தின் திட்டம். 2017-இல் மாடல் 3 வந்தது. அதை வேகமாகத் தயாரிக்கத் திணறி, திவாலாகும் நிலைக்கு நெருங்கியதாக ஈலோன் மஸ்க்கே பின்னர் சொன்னார். 2023-இல் மலேசியாவுக்கு வந்த மாடல் ஒய்யின் தொடக்க விலை 1,99,000 வெள்ளி. தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி.

வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏற்றம். 2 டன் காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 7 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும். பிரேக்கும் அதிகம் தேயாது. ஆகவே மலையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

சிக்கல் வீட்டு வாசலில்தான். தோட்டத்து வரிசை வீட்டில் இரவு முழுக்கச் சார்ஜ் செய்யத் தனி இணைப்புக்கு எங்கே போவது? பழுதானால் யாரிடம் கொண்டுபோவது? அங்கே பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் காய்கறி சுமக்கின்றன என்றால், உள்ளூர்ப் பட்டறைக்காரர் கைக்கு அவை அடங்குவதும் ஒரு காரணம்.

இதற்கிடையே 2025 டிசம்பரில் பெரோடுவா தன் மின்சாரக் காரை 80,000 வெள்ளிக்கு இறக்கியது. பேட்டரிக்கு மாத வாடகை தனி.