குலுக்கல்ல சீட் கிடைச்சுது, ஆனா நாங்க போகல: கிண்டர்கார்ட்டன் ஸ்கூல் தேர்வு பத்தி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம். பேச்சு நடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். போன எபிசோட்ல "பொண்ணை ஸ்கூல்ல சேர்த்தாச்சு"ன்னு போற போக்குல சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்வி. அமெரிக்காவுல இருக்கிறவங்க "சார்ட்டர் ஸ்கூலா, ஏரியா ஸ்கூலா?"ன்னு கேட்டிருந்தாங்க. சென்னை, கோயம்புத்தூர்ல இருந்து கேட்கிறவங்க "சார்ட்டர்னா என்ன?"ன்னு கேட்டிருந்தாங்க. ரெண்டுக்கும் சேர்த்தே பேசிடலாம்.

ஆகஸ்ட் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் மீட்டிங்ல இருந்தேன். தெரியாத நம்பர்ல இருந்து போன். எடுத்தா, நாங்க குளிர்காலத்துல விண்ணப்பம் போட்டு மறந்தே போயிருந்த சார்ட்டர் ஸ்கூல். "வெயிட்லிஸ்ட்ல உங்க பொண்ணோட முறை வந்திருக்கு. சீட் வேணுமான்னு நாளைக்கு சாயங்காலம் 5 மணிக்குள்ள சொல்லுங்க."

அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு ஏரியா ஸ்கூல்ல முதல் நாள். லஞ்ச் பாக்ஸ்ல பேர் எழுதி ஒட்டியாச்சு. இப்ப ஒரு நாளைக்குள்ள எல்லாத்தையும் மாத்தலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும்.

முதல்ல, சார்ட்டர்னா என்ன?

நாங்க இருக்கிறது கலிஃபோர்னியாவுல, சான் ஹோசே பக்கம். இங்க உங்க வீட்டு முகவரியை வெச்சு ஒரு அரசுப் பள்ளி உங்களுக்குன்னு ஒதுக்கப்பட்டிருக்கும். அதுதான் ஏரியா ஸ்கூல். ஃபீஸ் கிடையாது. சார்ட்டர் ஸ்கூலும் அரசுப் பணத்துல நடக்கிறதுதான், அங்கேயும் ஃபீஸ் கிடையாது. ஆனா அதை நடத்துறது தனி நிர்வாகம். "இப்படி நடத்துவோம், இந்த ரிசல்ட் காட்டுவோம்"னு எழுதிக் கொடுத்து, குறிப்பிட்ட வருஷத்துக்கு அனுமதி வாங்குவாங்க. அந்த ஒப்பந்தத்துக்குப் பேர்தான் சார்ட்டர். சரியா நடத்தலன்னா அனுமதியைப் புதுப்பிக்க மாட்டாங்க.

நம்ம ஊர்ல கிட்டத்தட்ட இதுக்குப் பக்கத்துல வர்றது அரசு உதவி பெறும் பள்ளி. நான் திருச்சியில படிச்சது அப்படி ஒண்ணுலதான். சம்பளம் அரசாங்கம், நிர்வாகம் தனியார். முழுசா ஒண்ணுன்னு சொல்ல முடியாது, ஆனா புரிஞ்சுக்க இது போதும்.

இந்த யோசனை பரவ ஒரு பெரிய காரணம், 1988-ல ஆசிரியர் சங்கத் தலைவர் ஒருத்தர், ஆல்பர்ட் ஷாங்கர், இதைப் பத்திப் பேசினது. ஆசிரியர்களே சேர்ந்து சின்னச் சின்ன ஸ்கூல் நடத்தி, புதுசா எதையாவது முயற்சி பண்ணட்டும்னார். 1991-ல மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டம் போட்டுச்சு, 1992-ல கலிஃபோர்னியா. போகப்போக அது போன பாதையைப் பார்த்துட்டு ஷாங்கரே அதை எதிர்க்க ஆரம்பிச்சுட்டார். இன்னைக்கும் இங்க சார்ட்டர்னு சொன்னாலே வீட்டு விருந்துல சண்டை வரும்.

குலுக்கல் பண்ற வேலை

சீட்டை விட விண்ணப்பம் அதிகமா வந்தா சார்ட்டர் ஸ்கூல் குலுக்கல் நடத்தணும். நம்ம ஊர்ல ஆர்.டி.ஈ. 25 சதவீத இடத்துக்கு நடக்குமே, அந்த மாதிரி. அண்ணனோ அக்காவோ ஏற்கனவே அங்க படிச்சா பெரும்பாலும் முன்னுரிமை உண்டு. எங்களுக்கு வெயிட்லிஸ்ட்ல 41-ஆவது இடம் வந்துச்சு. சரி, அவ்ளோதான்னு விட்டுட்டோம்.

ஆனா அந்த போன் வந்த நிமிஷம் என்ன ஆச்சு தெரியுமா? காலையில வரைக்கும் திருப்தியா இருந்த ஏரியா ஸ்கூல், பதினொன்றரை மணிக்கு மட்டமாத் தெரிய ஆரம்பிச்சுது. ஸ்கூல் மாறல, கட்டடம் மாறல. "வரிசையில அத்தனை பேர் நிக்கிறாங்க, நமக்குக் கிடைச்சிருக்கு"ங்கிற நினைப்பு மட்டும்தான் புதுசு. என் கணவர் சொன்னதும் அதேதான்: "விட்டா திரும்பக் கிடைக்காதும்மா." அது உண்மைதான். ஆனா நல்ல ஸ்கூலா இல்லையாங்கிறதுக்கு அது பதில் கிடையாது.

அம்மாகிட்ட வாட்ஸ்அப்ல சொன்னேன். "ஏன்டி, கவர்மென்ட் ஸ்கூல்ல சேர்க்கவா அமெரிக்கா போனீங்க?"ன்னாங்க. ரெண்டுமே கவர்மென்ட் ஸ்கூல்தாம்மான்னு விளக்கி முடிக்கவே இருபது நிமிஷம் ஆச்சு.

4-உம் 9-உம்

இங்க வீடு தேடுற ஆப்ல, வீட்டுப் படத்துக்குக் கீழேயே ஸ்கூல் ரேட்டிங் இருக்கும், பத்துக்கு இத்தனைன்னு. எங்க ஏரியா ஸ்கூல் 4. சார்ட்டர் 9. ராத்திரி பத்து மணிக்கு இந்த ரெண்டு நம்பரைத்தான் மாறி மாறிப் பார்த்துட்டு இருந்தோம்.

அப்பதான் இந்த நம்பர் எங்கிருந்து வருதுன்னு உட்கார்ந்து படிச்சேன். பெரும் பகுதி மாநிலத் தேர்வு மதிப்பெண். கலிஃபோர்னியாவுல அந்தத் தேர்வு மூணாம் வகுப்புலதான் ஆரம்பிக்குது. அதாவது கிண்டர்கார்ட்டன் வகுப்புக்குள்ள என்ன நடக்குதுங்கிறதை அந்த 4-உம் அளக்கல, 9-உம் அளக்கல.

இன்னொரு விஷயம் எனக்கு உறைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆச்சு. இங்க ஸ்கூல்ல சேர்க்கும்போது ஒரு படிவம் தருவாங்க. வீட்டுல என்ன மொழி பேசுறீங்க, குழந்தை முதல்ல பேசின மொழி எதுன்னு கேட்கும். தமிழ்னு போட்டீங்கன்னா, முப்பது நாளைக்குள்ள குழந்தைக்கு ஆங்கிலத்துல ஒரு சோதனை வெப்பாங்க. எல்பாக்னு பேர். அதுல குறைவா வந்தா "ஆங்கிலம் கற்கும் மாணவர்"னு வகைப்படுத்தி, தனியா உதவி தருவாங்க. இது சார்ட்டர், ஏரியா ஸ்கூல் ரெண்டுக்குமே பொது. தோழி ஒருத்தி, "பேசாம இங்கிலீஷ்னு போட்டுடு, எதுக்கு வம்பு"ன்னா. நிறைய நம்மாளுங்க அப்படித்தான் போடுறாங்க. நான் தமிழ்னுதான் போட்டேன். வீட்டுல நாங்க பேசுறது அதுதானே.

இப்ப எங்க ஏரியா ஸ்கூல்ல யார் படிக்கிறாங்க? பாதிக்கு மேல வீட்டுல ஸ்பானிஷோ வியட்நாமியமோ பேசுற பசங்க. ஆங்கிலத்தை இப்பதான் கத்துக்கிற குழந்தை, மூணாம் வகுப்புல ஆங்கிலத்துல தேர்வு எழுதினா மதிப்பெண் குறையத்தான் செய்யும். அது டீச்சரோட தப்பு கிடையாது, குழந்தையோட தப்பும் கிடையாது. நான் பார்த்து பயந்த அந்த 4-க்குள்ள இருக்கிறது என் பொண்ணு மாதிரி குழந்தைங்கதான். வீட்டுல ஒரு மொழி, ஸ்கூல்ல ஒரு மொழி. இது புரிஞ்சப்ப எனக்கு வெட்கமா இருந்துச்சு, சொல்லிடறேன்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோட கிரெடோ மையம் இதை ரொம்ப காலமா ஆராயுது. 2009 அறிக்கையில, கணக்குல 17 சதவீத சார்ட்டர் ஸ்கூல்கள்தான் அக்கம்பக்கத்து அரசுப் பள்ளியை விட நல்லா செஞ்சிருந்துச்சு. 37 சதவீதம் மோசம். மீதியில பெரிய வித்தியாசம் இல்லை. 2023 அறிக்கையில நிலைமை மாறிடுச்சு. சராசரியா சார்ட்டர் பசங்க வருஷத்துக்கு வாசிப்புல 16 நாள் பாடத்துக்கு சமமா, கணக்குல 6 நாள் பாடத்துக்கு சமமா முன்னாடி இருந்தாங்க. ஏழைக் குடும்பத்துக் கறுப்பின, ஹிஸ்பானிக் பசங்களுக்குப் பலன் இதை விட அதிகம். முழுக்க ஆன்லைன்ல நடக்கிற சார்ட்டர்கள் ரொம்பவே பின்தங்கியிருந்துச்சு.

180 நாள் ஸ்கூல்ல 16 நாள். சும்மா தள்ளிவிடற அளவு சின்னது இல்லை. ஆனா அது சராசரி. நீங்க உங்க குழந்தையை சராசரியில சேர்க்கப் போறதில்லை, ஒரு குறிப்பிட்ட ஸ்கூல்ல, ஒரு குறிப்பிட்ட டீச்சர்கிட்ட சேர்க்கப் போறீங்க. சார்ட்டருக்கும் சார்ட்டருக்கும் நடுவுலயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கு.

நேர்ல பார்த்தது

நல்லவேளையா, வசந்த காலத்துலயே ரெண்டு ஸ்கூலையும் போய்ப் பார்த்திருந்தோம். சார்ட்டர்ல எல்லாம் ஒழுங்கு. பசங்க வாயைத் திறக்காம வரிசையில போனாங்க. தனி மியூசிக் டீச்சர் இருந்தாங்க. கிண்டர்கார்ட்டன் பசங்க ஒர்க்‌ஷீட் எழுதிட்டு இருந்தாங்க, நேரா உட்கார்ந்து. என் கணவருக்கு ரொம்பப் பிடிச்சுது. ஏரியா ஸ்கூல்ல சத்தம். ஒரு வகுப்புல 24 பசங்க. ஒரு பையன் மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துட்டு வர மாட்டேன்னு அழுதான். டீச்சர் தரையில அவன் பக்கத்துல உட்கார்ந்து, மெதுவா எதையோ சொல்லி வெளியே கூட்டிட்டு வந்தாங்க. கத்தல, மத்த பசங்க முன்னாடி அவமானப்படுத்தல. என் பொண்ணும் மேஜைக்கு அடியில போற ரகம்தான்.

அப்புறம் தூரம். சார்ட்டருக்கு கார்ல 25 நிமிஷம், பஸ் கிடையாது. காலையில கொண்டுவிட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வந்து, ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலை நேரம் அதுலயே போயிடும். ஏரியா ஸ்கூல் நடந்து 9 நிமிஷம். போற வழியில பார்க். ஜூலை மாசம் அந்த பார்க்ல ஒரு பொண்ணு இவளுக்கு ஃப்ரெண்ட் ஆகியிருந்தா. அவளும் அதே ஸ்கூல்.

புதன்கிழமை மத்தியானம் நானே போன் பண்ணி சீட் வேணாம்னு சொன்னேன். என் கணவருக்கு முழு சம்மதம்னு சொல்ல முடியாது. "ரெண்டாம் வகுப்பு வரைக்கும் பார்ப்போம்"ங்கிறதுதான் எங்க ஒப்பந்தம். எங்க வீட்டு சார்ட்டர் அதுதான்.

எல்லாம் சுபமா?

இல்லை. ஜனவரியில அந்த நல்ல டீச்சர் லீவுல போயிட்டாங்க. ஆறு வாரம் மாத்தி மாத்தி வேற வேற ஆள் வந்தாங்க. பொண்ணு காலையில போக மாட்டேன்னு அழுதா. அந்த ஆறு வாரமும் ராத்திரி சார்ட்டரோட இணையதளத்தைத் திறந்து திறந்து மூடினேன். டீச்சர் திரும்பி வந்ததும் அவ சரியாயிட்டா. வாசிப்புல கொஞ்சம் மெதுவாதான் போறா, வீட்டுல உட்கார்ந்து சேர்ந்து படிக்கிறோம்.

ஏரியா ஸ்கூல்தான் நேர்மையான தேர்வுன்னும் நான் சொல்ல வரல. கலிஃபோர்னியாவுல ஸ்கூலுக்கு வர்ற பணம் பசங்க வருகையை வெச்சுத்தான். ஒரு குழந்தை போனா பணமும் கூடவே போகும், அது நிஜம். ஆனா "ஏரியா"ங்கிறதே வாடகையை வெச்சு முடிவாகுது. நல்ல ஸ்கூல் எல்லைக்குள்ள வீடு எடுக்க வசதி இல்லாத குடும்பத்துக்கு குலுக்கல்தான் ஒரே கதவு. அவங்களைப் பார்த்து "ஏன் விட்டுட்டுப் போறீங்க"ன்னு கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒரு சிநேகிதி பையனை ஸ்பானிஷ் வழி சார்ட்டர்ல சேர்த்தா, ரொம்ப சந்தோஷமா இருக்கான்.

அதனால என்கிட்ட கேட்டவங்களுக்கு: ரேட்டிங் பார்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்கூலையும் வகுப்பு நடக்கும்போது போய்ப் பாருங்க. "ஒரு குழந்தை அழுது அடம்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?", "போன வருஷம் இருந்த டீச்சர்ல எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்காங்க?" இந்த ரெண்டையும் கேளுங்க. சாயங்காலம் 6 மணி வரைக்கும் பார்த்துக்க ஆள் இருக்கான்னு கேளுங்க. கிண்டர்கார்ட்டன் போற வழியை ஒரு வேலை நாள்ல, எட்டு மணி டிராஃபிக்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அப்புறம் குழந்தையையும் ஒரு வார்த்தை கேளுங்க.

சென்னையில எல்.கே.ஜி. சீட்டுக்கு அலையறவங்க கதையை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அதை வெச்சு இன்னொரு எபிசோட் பண்ணலாம். இப்ப நான் கிளம்பணும், ஸ்கூல் விடற நேரம்.