பார்த்துக் கொடுத்தால்தான் பரிசு

(‘பல்கலைக்கழகப் பணியாளர்களின் திறமையைப் பெரிதும் வளர்ப்பது பணப்பரிசா? பாராட்டா?’ என்னும் பட்டிமன்றத்தில், ‘பாராட்டே’ என்ற அணியில் பேசியது.)

     

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார்கள். “பொன்னாடையை வச்சு உலை வைக்க முடியுமா?” என்று கேட்டார்கள். பலத்த கைதட்டல். நானும் சேர்ந்து தட்டினேன். ஏன் என்றால் என் வீட்டு பீரோவில் நாற்பது பொன்னாடை கிடந்தது. என் துணைவியார் பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஜன்னல் திரையாகத் தைத்து மாட்டிவிட்டார்கள். (சிரிப்பு) தெருவில் போகிறவன், “இந்த வீட்ல தினமும் கல்யாணம் போலிருக்குடா” என்று சொல்லிக்கொண்டு போகிறான். (சிரிப்பு) ஆகவே அம்மா, பொன்னாடையின் பயன் என்ன என்பது எனக்கும் தெரியும்!

ஆனால் நடுவர் அவர்களே, பொன்னாடைதான் பாராட்டு என்று யார் சொன்னது? எதிரணி நண்பர்கள் மூன்று சரக்கை ஒரே மூட்டையில் கட்டி விற்கப் பார்க்கிறார்கள். நான் மூட்டையை அவிழ்த்துக் காட்டுகிறேன். சம்பளம் ஒன்று. பரிசு ஒன்று. பாராட்டு ஒன்று. சம்பளம் என்பது கடன். வேலை வாங்கியவன் கொடுத்தே தீர வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு ஒருவன் பெருமைப்பட்டுக்கொள்ளக் கூடாது.

கல்லூரிகளில் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று ஒரு பதவி இருக்கிறது. பெயரிலேயே கௌரவம் இருக்கிறது. சம்பளத்தைப் பார்த்தால், கௌரவத்தையும் சேர்த்துப் பிடித்தம் செய்தார்களோ என்று தோன்றும்! (சிரிப்பு, கைதட்டல்) அந்தத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடலாம் என்று எவனாவது நினைத்தால், அவனுக்கு நான் வக்கீல் இல்லை. முதலில் கடனைக் கொடு. சம்பளம் சரியாகக் கிடைத்த பிறகு, ஒரு மனிதன் கடமைக்கு மேலே ஒரு படி ஏறுகிறானே, அவனை அந்தப் படியில் ஏற்றுவது எது? அதுதான் இன்றைக்கு நமக்குக் கொடுத்த தலைப்பு.

“அதையும் நாங்க அளந்து கொடுத்துடுவோம்” என்கிறார்கள். எப்படி அளப்பீர்கள்? 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகளைப் பாருங்கள். ஒதுக்கிய வகுப்புகளில் நூற்றுக்கு 80, அதற்கு மேலே எடுத்தால் அந்த ஆசிரியருக்கு ‘நன்று’. 70-லிருந்து 80-க்குள் என்றால் ‘திருப்தி’. 70-க்குக் கீழே போனால் ‘திருப்தி இல்லை’. நான் குறை சொல்லவில்லை. வாத்தியார் வகுப்புக்கு வரவேண்டும் இல்லையா? ஆனால் அவர் எடுத்த 80 வகுப்பிலே, பையன் எத்தனை வகுப்பில் முழித்திருந்தான்? (சிரிப்பு) அதை எந்தப் படிவத்தில் நிரப்புவது? எண்ணிக்கை, ஆள் வந்தாரா என்று சொல்லும். வந்தவர் என்ன செய்தார் என்று ஒருவர் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

விருது கொடுக்கிறார்களே, அது எப்படித் தெரியுமா? பல இடங்களில் விருதுக்கு நாமே விண்ணப்பம் போட வேண்டும். “ஐயா, நான் மிகவும் சிறந்தவன். என் சிறப்புக்கான சான்றுகளை மூன்று நகல்களில் இணைத்துள்ளேன். இப்படிக்குத் தங்கள் பணிவுள்ள.” (பலத்த சிரிப்பு) யார் ஓடி ஓடி வேலை பார்க்கிறாரோ அவருக்கு இதை நிரப்ப நேரம் இல்லை. நிரப்ப நேரம் இருக்கிறவருக்கு விருது! (கைதட்டல்)

நான் கண்ட ஒரு சம்பவம். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். அங்கே நூலகத்தில் ஓர் உதவியாளர். படிப்பு பத்தாம் வகுப்பு. பழைய தமிழ்ப் பதிப்புகள் எங்கே, எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கின்றன என்பது அவர் விரல் நுனியில் இருக்கும். கிழிந்த ஏட்டுக்குப் பசை காய்ச்சி ஒட்டுவார். இதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தார். மாணவர்கள் என்ன புத்தகம் கேட்டு வந்து கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தார். யாரும் சொல்லவில்லை. அவராக எழுதினார். இருபது வருஷம்!

அந்த நிறுவனத்தில் ‘சிறந்த பணியாளர்’ விருது உண்டு. முறை வைத்துக் கொடுப்பார்கள். இந்த வருஷம் உனக்கு, அடுத்த வருஷம் எனக்கு. நம்ம ஊரில் சீட்டுப் பிடிப்பதில்லையா, அந்த மாதிரி. (சிரிப்பு) ஒரு வருஷம் இவர் முறை வந்தது. மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஐயாயிரம் ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்: “கணக்குப் பிரிவில் இவர் ஆற்றிய அரும்பணியைப் பாராட்டி...” அவர் கணக்குப் பிரிவுப் பக்கமே போனவர் இல்லை. வேறு யாருடைய காகிதத்தையோ எடுத்து வாசித்துவிட்டார்கள். அரங்கத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். கீழே இறங்கி வந்தவர் என்னிடம் சொன்னார்: “சார், பணம் எனக்கு வந்துருச்சு. பாராட்டு வேற யாருக்கோ போயிருச்சு.”

நடுவர் அவர்களே, எங்கள் அணியின் வாதம் முழுவதையும் அந்த மனிதர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். (கைதட்டல்)

கதை அதோடு முடியவில்லை. அவர் ஓய்வு பெற்றார். அந்த நோட்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாதே! வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன வாங்க வேண்டும், மாணவன் எதைத் தேடுகிறான் என்ற இருபது வருஷத்து அறிவு, ஒரு மஞ்சள் பையில் பேருந்து ஏறிப் போய்விட்டது. நஷ்டம் அவருக்கு மட்டுமா? தன்னிடம் என்ன இருந்தது என்று அந்த நிறுவனத்துக்கே கடைசி வரைக்கும் தெரியாமல் போயிற்று. பாராட்டுவதற்காகவாவது ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் அந்த நோட்டு இன்றைக்கு நூலகத்தில் இருந்திருக்கும்.

இது இன்று நேற்று வந்த வழக்கு இல்லை. சங்க காலத்திலேயே உண்டு. பெருஞ்சித்திரனார் வறுமையில் வாடிய புலவர். அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண வழி நடந்து போகிறார். அதியமான் சாதாரண ஆளா? அள்ளிக் கொடுக்கிற வள்ளல். ஆனால் அன்றைக்கு என்ன அவசரமோ, புலவரை நேரில் பார்க்கவில்லை. பரிசை மட்டும் கொடுத்து அனுப்பினான். எதிரணி நண்பர்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? வாங்கி எண்ணிப் பார்த்திருப்பார்கள்! (சிரிப்பு) பெருஞ்சித்திரனார் வேண்டாம் என்றார். என்னைப் பார்க்காமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக நான் என்ன வியாபாரியா என்று கேட்டார். என் தகுதியைத் தெரிந்து கொடுத்தால் கொஞ்சமாக இருந்தாலும் எனக்கு இனிக்கும் என்றார். பசித்த வயிறு சொன்ன பேச்சு ஐயா இது! புறநானூற்றில் இருக்கிறது. (கைதட்டல்)

“அது புலவர் காலம். இப்போ விஞ்ஞான காலம்” என்பீர்கள். சரி, விஞ்ஞானத்துக்கே வருகிறேன். அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்று ஒரு கறுப்பின இளைஞர். தச்சு வேலை தெரிந்தவர். 1930-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற மருத்துவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். படிப்புக்குச் சேர்த்து வைத்திருந்த பணம் வங்கி முழுகியபோது கூடவே முழுகிப்போயிற்று. அவர் செய்தது ஆராய்ச்சி. பதிவேட்டில் போட்டிருந்தது துப்புரவுப் பணியாளர் என்று! 1941-இல் பிளேலாக்கோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போனார்.

இதயக் கோளாறினால் உடம்பு நீலம் பாரித்துப் பிறக்கிற குழந்தைகளைக் காப்பாற்ற வழி உண்டா என்று ஹெலன் டவுசிக் என்ற பெண் மருத்துவர் கேட்டார். ஆய்வகத்தில் அந்த அறுவை முறையைச் செய்து செய்து பழகியவர் தாமஸ். 1944 நவம்பர் 29-ஆம் தேதி ஒரு குழந்தைக்கு அந்தச் சிகிச்சை நடந்தது. கத்தி பிளேலாக் கையில். பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்றுகொண்டு, இப்படிப் போடுங்கள், அப்படித் தையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தவர் தாமஸ். 1945-இல் கட்டுரை வந்தது. பிளேலாக் பெயர் இருந்தது. டவுசிக் பெயர் இருந்தது. தாமஸ் பெயர் இல்லை.

இப்போது கவனியுங்கள். 1946-இலேயே அவருக்குச் சம்பளத்தை உயர்த்திவிட்டார்கள். அங்கே இருந்த உதவியாளர்களிலேயே அவருக்குத்தான் அதிகச் சம்பளம். ஆக, பணம் இரண்டே வருஷத்தில் வந்துவிட்டது. பெயர்? 1971-இல்தான், அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட அறுவை மருத்துவர்கள் சேர்ந்து அவருடைய ஓவியத்தை வரையச் செய்து, பிளேலாக் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். 1976-இல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆசிரியர் பதவியும் கொடுத்தது. எண்ணிப் பாருங்கள், 32 வருஷம். பக்கத்தில் நின்று கை தட்டியிருக்க வேண்டிய பிளேலாக் 1964-இலேயே காலமாகிவிட்டார். பணம் சீக்கிரம் வந்துவிடும் நடுவர் அவர்களே, அதற்குக் கண் வேண்டியதில்லை. பாராட்டுக்குக் கண் வேண்டும். அந்தக் கையின் திறமையை அறிந்தவர்கள்தான் அந்தப் படத்தை மாட்டினார்கள். (கைதட்டல்)

நம் ஊரிலும் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887. சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது 1932. அப்போது தாத்தாவுக்கு வயது 77! ஆனால் அவரை முதலில் பாராட்டியது பல்கலைக்கழகம் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார். 1880-இல் தாம் ஓய்வு பெறும்போது, “இந்த இடத்துக்கு இவர்தான்” என்று சாமிநாதையரைக் காட்டினார். அவருக்கு அப்போது வயது 25. தன் நாற்காலிக்குத் தகுதியானவன் எவன் என்று பார்த்துவிட்டுப் போனாரே, அதைவிடப் பெரிய விருது உண்டா?

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்கும்படி சர் சி.வி. ராமனைக் கேட்டார் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார். ராமன் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். வயது முப்பதுதான். துணைவேந்தர் தயங்கவில்லை, துறையை ஒப்படைத்தார். இரண்டே வருஷத்தில், 1954-இல், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் என்ற புரதம் மூன்று இழையாக முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று உலகத்துக்குச் சொன்னார். ஒருவர் பார்த்தார், இன்னொருவர் நம்பினார், பலன் உலகத்துக்கே கிடைத்தது. (கைதட்டல்)

நடுவர் மணியைத் தொடுகிறார்கள். முடித்துவிடுகிறேன். வீட்டிலே பாருங்கள். “சாப்பாடு பிரமாதம்” என்று தினமும் சொன்னால் அம்மா திரும்பிப் பார்க்க மாட்டார்கள். “இன்னைக்கு ரசத்துல மிளகைப் புதுசாப் பொடிச்சியாம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த முகம் மலரும். ஏன்? நாம் கவனித்துச் சாப்பிட்டோம் என்று தெரிந்துவிட்டது!

பல்கலைக்கழகத்துக்கும் அதே கணக்குத்தான். துறைத்தலைவர் போய்ப் பார்க்கட்டும். மாணவனைக் கேட்கட்டும். ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவர், தேர்வுப் பிரிவில் சான்றிதழ் எழுதுகிறவர், விடுதியில் ராத்திரி கதவு திறக்கிறவர், இவர்களோடு வேலை பார்க்கிறவர்களைக் கேட்கட்டும். விண்ணப்பத்துக்குக் காத்திருக்காமல் தேடிப் போகட்டும். இன்னார் இன்ன காரியத்தை இப்படிச் செய்தார் என்று பெயர் சொல்லி, வேலை சொல்லி, அவர் பணியில் இருக்கும்போதே சொல்லட்டும். நம் நாட்டில் ஒரு மனிதன் நல்லவன் என்று இரண்டு நாளில்தான் தெரியவருகிறது. ஒன்று பணி நிறைவு விழா. இன்னொன்று எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை! (சிரிப்பு)

பணம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தாராளமாகக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். ஆனால் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பார்க்காமல் கொடுத்தால் அது செலவுக் கணக்கு. பார்த்துக் கொடுத்தால் அது பரிசு. அந்தப் பார்வைக்குத்தான் பாராட்டு என்று பெயர். ஆகவே, திறமையை வளர்ப்பது பாராட்டே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)